பளபளக்கும் பீரோவும் பாதரசப் புகையும்

பொருளும் கதையும் - வாரத் தொடர்

பட்டுப்புடவை, நகை, பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட் என்று வீட்டின் முக்கியமான எல்லாவற்றையும் வைத்துப் பூட்டுகிறோமே, அந்த இரும்பு அலமாரிக்கு 'பீரோ' என்று எப்படிப் பெயர் வந்தது?

பிரெஞ்சு மொழியில் எழுதும் மேசைக்குப் பெயர் 'பியூரோ'. இந்தச் சொல் ஆங்கிலத்துக்கும் போனது, இந்தியாவுக்கும் வந்தது. வந்த இடத்தில் மேசை, அலமாரியாகிவிட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

உலகத்திலேயே அதிகம் பேசப்படும் 'பீரோ' ஒன்று பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது. 15-ஆம் லூயி மன்னர் தனக்காகச் செய்யச் சொன்ன எழுதும் மேசை அது. 1760-ல் ஜான் பிரான்சுவா ஓபென் என்ற மரவேலைக் கலைஞர் வேலையைத் தொடங்கினார். 1763-ல் அவர் இறந்துவிட, அவரிடம் வேலை பார்த்த ஜான் ஹென்றி ரீசனெர் 1769-ல் அதை முடித்தார். ஒரு மேசைக்கு ஒன்பது வருடம்!

சாவியை ஒரு திருப்புத் திருப்பினால் உருளும் மூடியும் இழுப்பறைகளும் சேர்ந்து திறந்துகொள்ளும். மைக்கூடுகளைப் பக்கவாட்டிலிருந்தே நிரப்பலாம். மை ஊற்ற வரும் வேலையாளின் கண்ணில் மன்னரின் கடிதங்கள் படாது. மேலே இரண்டு பக்கமும் முகம் உள்ள கடிகாரம். இரு ஓரங்களிலும் கிரேக்கப் புராணத்தின் அப்பல்லோவும் கலியோப்பியும் மெழுகுவர்த்தித் தண்டுகளைப் பிடித்தபடி இருக்கிறார்கள்.

இத்தனை வேலைப்பாடு இருந்தும், பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது மரம் இல்லை. அந்தச் சிலைகள், மாலைகள், விளிம்புகள், கால்களின் குளம்புகள் என்று எங்கே பார்த்தாலும் தகதகக்கும் மஞ்சள் உலோகம்தான். பார்த்தால் தங்கம் போலவே இருக்கும். ஆனால், முழுத் தங்கம் இல்லை.

தங்கமா, வெண்கலமா?

உள்ளே வெண்கலம். மேலே மெல்லிய தங்கம். இதுதான் தங்கமுலாம் பூசிய வெண்கலம். ஆங்கிலத்தில் இதற்கு 'ஆர்மலூ' என்று பெயர். 'அரைத்த தங்கம்' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பொருளுக்கு அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'தங்கமிட்ட வெண்கலம்' என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த வித்தை பிரான்ஸில் பிறந்ததும் இல்லை. சீனாவில் கிறிஸ்துவுக்கு முன்பே இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1968-ல் சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் மான்செங் என்ற இடத்தில் ஓர் அரச குடும்பத்துப் பெண்ணின் கல்லறை தோண்டப்பட்டது. உள்ளே தங்கமுலாம் பூசிய வெண்கல விளக்கு ஒன்று கிடைத்தது. மண்டியிட்டு அமர்ந்த பணிப்பெண் ஒருத்தி கையில் விளக்கை ஏந்தியிருப்பது போன்ற உருவம். சுமார் 2,100 வருடங்களுக்கு முந்தையது.

அந்த விளக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. பணிப்பெண்ணின் சட்டைக் கை உள்ளே குழாய் போல வெற்றிடமாக இருக்கிறது. எரியும் திரியின் புகை அந்தக் கை வழியாக ஏறி, சிலையின் உடலுக்குள்ளேயே தங்கிவிடும். அறையில் இருப்பவர்களுக்குக் கண் எரியாது. விளக்கு ஏற்றும் வீட்டாருக்குப் புகை படக் கூடாது என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். அதே விளக்குக்கு முலாம் பூசியவருக்கு எழுந்த புகை? அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வர இன்னும் இரண்டாயிரம் வருடம் ஆனது. அது பின்னால் வருகிறது.

மரத்துக்கு எதற்கு உலோகம்?

அழகுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 17, 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மேசைகளும் பெட்டிகளும் மெல்லிய மர ஏடுகளை ஒட்டிச் செய்யப்பட்டவை. விலையுயர்ந்த மரத்தைச் சீவி, பல நிறங்களில் பூ, கொடி என்று வெட்டி, சாதாரண மரச் சட்டத்தின் மேல் ஒட்டுவார்கள். அந்த ஏடு எங்கே முதலில் பெயரும்? மூலைகளில், கால் நுனியில், சாவித்துவாரத்தைச் சுற்றி. சரியாக அந்த இடங்களில்தான் வெண்கலம் உட்கார்ந்திருக்கிறது. கால் நுனிக்குக் குளம்பு, மூலைக்குக் கவசம், சாவித்துவாரத்துக்கு வளையம், இழுப்பறைக்குக் கைப்பிடி. நம் ஊரில் மரப்பெட்டியின் மூலைகளுக்குப் பித்தளைத் தகடு அடிப்பார்களே, அதே யோசனைதான். அவர்கள் தகட்டுக்குப் பதில் சிற்பம் வைத்தார்கள்.

இன்னொரு காரணம், வெளிச்சம். மின்விளக்கு இல்லாத காலம். பெரிய கூடமாக இருந்தாலும் இரவில் மெழுகுவர்த்திதான். அசையும் சுடரின் ஒளி தங்கத்தில் பட்டுத் திரும்பும்போது அறையே உயிர்பெறும். அதனால்தான் சுவர் விளக்கு, கணப்பு அடுப்பின் முன் வைக்கும் தாங்கி, கடிகாரம், கண்ணாடிச் சட்டம் என்று ஒளி படும் இடமெல்லாம் முலாம் பூசினார்கள்.

சீனாவிலிருந்து கப்பலில் வந்த பீங்கான் ஜாடிகளையும் விட்டுவைக்கவில்லை. பாரிஸில் அலங்காரப் பொருள் வியாபாரிகள் என்று ஒரு கூட்டம் இருந்தது. சீன ஜாடியை வாங்கி, அடியில் வெண்கலப் பீடமும், கழுத்தில் வெண்கல வளையமும், பக்கங்களில் பிடியும் பொருத்திப் பல மடங்கு விலைக்கு விற்பார்கள். லசார் துவோ என்ற வியாபாரியின் கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. 1748 முதல் 1758 வரை யார் என்ன வாங்கினார்கள் என்பது அதில் இருக்கிறது. மன்னரின் காதலி மதாம் தெ பொம்பதூர் அவரது முக்கியமான வாடிக்கையாளர்.

ஒரு பூ உருவாகும் விதம்

இழுப்பறையின் கைப்பிடியாக ஒரு ரோஜா மாலை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் சிற்பி ஒருவர் மரத்திலோ மெழுகிலோ மாதிரி செய்வார். அடுத்து வார்ப்புக்காரர். மணலில் அச்சு எடுத்து வார்ப்பது ஒரு முறை. மெழுகு உருவைச் சுற்றி மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது இன்னொரு முறை. இரண்டாவது முறையைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் செய்வது இதுதான்.

வார்ப்பிலிருந்து வரும் ரோஜா சொரசொரப்பாக இருக்கும். இங்கேதான் செதுக்குபவர் வருகிறார். சின்னச் சின்ன உளிகளால் ஒவ்வோர் இதழின் மடிப்பு, இலையின் நரம்பு, தண்டின் முள் வரை தட்டித் தட்டிக் கொண்டுவருவார். நல்ல வேலைக்கும் சுமாரான வேலைக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தெரியும்.

கடைசியாக முலாம் பூசுபவர். அவருடைய வேலைதான் ஆபத்தானது.

தங்கத்தை மெல்லியதாக நறுக்கிச் சூடாக்கி, பாதரசத்தில் போடுவார். பாதரசம் தங்கத்தைக் கரைத்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். ஒரு பங்கு தங்கத்துக்கு ஆறு முதல் எட்டுப் பங்கு வரை பாதரசம். வெண்ணெய் பதத்தில் ஒரு கலவை கிடைக்கும். வெண்கலத்தை அமிலத்தில் சுத்தம் செய்து, பாதரசம் கரைத்த அமில நீரைத் தடவிவிட்டு, இந்த வெண்ணெயைத் தூரிகையால் பூசுவார். அப்போது பொருள் வெள்ளி நிறத்தில் இருக்கும். தங்கத்தின் சாயலே தெரியாது.

பிறகு கரி அடுப்பு. பாதரசம் கொதிப்பது சுமார் 357 டிகிரி செல்சியஸில். தங்கம் உருகுவது 1,064 டிகிரியில். இந்த இடைவெளியில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. அளவான சூட்டில் பாதரசம் ஆவியாகிப் போய்விடும்; தங்கம் வெண்கலத்தோடு இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால், அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க முடியாது. கலவை ஓரிடத்தில் திரண்டுவிடாமல் இருக்க, சூடான பொருளைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பித் தூரிகையால் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். முகம் அடுப்புக்கு மேலே. ஆவி முகத்துக்கு நேரே. கனமான முலாம் வேண்டுமென்றால் இரண்டு, மூன்று தடவை இதே வேலை.

தங்கம் ஒட்டிய பிறகு நிறத்தைத் திருத்துவது, மெருகேற்றுவது எல்லாம் உண்டு. பளபளக்க வேண்டிய இடத்தை அகேட் போன்ற வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்ப்பார்கள். மங்கலாக, வெல்வெட் போலத் தெரிய வேண்டிய இடத்துக்கு வெடியுப்பு, படிகாரம், சாதாரண உப்பு கலந்த பசையைப் பூசிச் சூடாக்கி, தண்ணீரில் முக்குவார்கள். ஒரே ரோஜாவில் இதழ் மங்கலாகவும், விளிம்பு மின்னலாகவும் இருப்பது இப்படித்தான்.

பெயர் இல்லாத கைகள்

பாரிஸில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம். மரவேலைக்காரர் மரத்தைத்தான் தொட வேண்டும். வெண்கலம் வார்ப்பது ஒரு சங்கம், முலாம் பூசுவது இன்னொரு சங்கம். மீறினால் வழக்கு. சிற்பியாகப் பயிற்சி பெற்றிருந்த சார்ல் கிரெசான் என்ற மரவேலைக் கலைஞர், வெண்கலப் பகுதிகளையும் தன் பட்டறையிலேயே செய்தார். சங்கத்தினர் அவர்மேல் வழக்குக்கு மேல் வழக்குப் போட்டார்கள். அரசரின் ஆதரவோடு லூவர் மாளிகையில் பட்டறை வைத்திருந்த ஆந்த்ரே சார்ல் பூல் போன்றவர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

18-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரவேலை செய்பவர்கள் தங்கள் பெயரை முத்திரையாக மரத்தில் அடிக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. அதனால் இன்று ஒரு மேசையைக் கவிழ்த்துப் பார்த்தால் செய்தவர் பெயர் கிடைக்க வாய்ப்பு உண்டு. வெண்கலத்துக்கு அப்படி விதி இல்லை. விளைவு, மேசையில் முதலில் கண்ணைப் பறிக்கும் பகுதியைச் செய்தவர்களில் பெரும்பாலோர் யாரென்றே தெரியாது. 1745 முதல் 1749 வரை செம்பு கலந்த உலோகங்களுக்கு ஒரு வரி போடப்பட்டது. வரி கட்டிய பொருளில் கிரீடம் வைத்த 'சி' என்ற சின்ன முத்திரை குத்தினார்கள். அதை வைத்துக் காலத்தைக் கணிக்கலாம். ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

பெயர் நிலைத்த சிலரில் முக்கியமானவர் பியேர் குத்தியேர். 1732-ல் பிறந்தவர். 1758-ல் முலாம் பூசும் தொழிலில் மாஸ்டர் ஆனார். மங்கல் முலாமை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் என்று பெயர் எடுத்தார். 15-ஆம் லூயியின் கடைசிக் காதலி மதாம் து பாரி, லூவ்சியென் என்ற ஊரில் கட்டிய மாளிகைக்குக் கதவுப் பிடி முதல் அலங்காரம் வரை இவர் கை பட்டது. 1781-ல் மசாரின் சீமாட்டிக்காக இவர் வெண்கல வேலை செய்த நீல மார்பிள் மேசை, இப்போது நியூயார்க்கின் ஃப்ரிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இத்தனை பெரிய இடத்துப் பழக்கம் இருந்தும் அவர் பணக்காரர் ஆகவில்லை. சீமான்களும் சீமாட்டிகளும் ஆர்டர் கொடுப்பதில் காட்டிய வேகத்தைப் பணம் கொடுப்பதில் காட்டவில்லை. தங்கத்தையும் கூலியையும் இவர்தான் முன்கூட்டியே போட வேண்டும். 1787-ல் திவாலானார். 1793-ல் து பாரியின் தலை கில்லட்டினில் விழுந்தது. அவரிடமிருந்து வர வேண்டிய பெரும் தொகைக்காகப் பிறகும் வழக்கு நடத்திப் பார்த்தார். 1813-ல் வறுமையில் இறந்தார்.

இங்கிலாந்திலும் ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டார். பர்மிங்ஹாமின் மேத்யூ போல்டன், பிரெஞ்சுக்காரர்களை மிஞ்ச வேண்டும் என்று 1768 வாக்கில் இந்தத் தொழிலில் இறங்கினார். லண்டனில் ஏலம் வைத்தார். ரஷ்யப் பேரரசி கேத்தரின் வரை வாங்கினார். ஆனாலும் லாபம் இல்லை. கடைசியில் ஜேம்ஸ் வாட்டோடு கூட்டுச் சேர்ந்து நீராவி இயந்திரம் பக்கம் போனார். அங்கே ஜெயித்தார். அவர் தொடங்கிய நாணயச்சாலையில்தான் பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்துக்கான செப்புக் காசுகள் அச்சாகிக் கப்பலேறின.

எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது

பணம் வராமல் போனது முதலாளிகளின் கஷ்டம். அடுப்புக்கு முன்னால் நின்றவர்களின் கஷ்டம் வேறு.

பாதரச ஆவிக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. மூச்சோடு நுரையீரலுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, மூளை வரை எட்டும். முதலில் ஈறு வீங்கும், வாயில் எச்சில் ஊறும், பல் ஆடும். பிறகு விரல்கள் நடுங்கும். அந்த நடுக்கம் கைக்கும் உதட்டுக்கும் பரவும். மறதி, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், ஆட்களைக் கண்டால் ஒதுங்கும் கூச்சம் என்று சுபாவமே மாறும். நுணுக்கமான வேலை செய்து பிழைப்பவருக்குக் கை நடுங்குவது என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாதா? தெரியும்.

இத்தாலியின் புகழ்பெற்ற பொற்கொல்லரும் சிற்பியுமான பென்வெனுத்தோ செல்லினி, 1568-ல் வெளியான தன் தொழில் நூலில் இதை எழுதியிருக்கிறார். பாதரசம் கொடிய விஷம், இந்த வேலை செய்பவர்கள் சில வருடங்களே உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் தீர்வு என்ன தெரியுமா? பெரிய கலைஞர்கள் இந்த வித்தையைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். செய்வதை அதற்கென்றே இருக்கும் ஆட்களிடம் விட்டுவிட வேண்டும்!

1700-ல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாசினி, தொழிலால் வரும் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். நோயாளியிடம் 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்று மருத்துவர் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். அந்தப் புத்தகத்தில் முலாம் பூசுபவர்களுக்குத் தனி இடம் உண்டு. தலைச்சுற்றல், மூச்சிரைப்பு, பக்கவாதம், பிணம் போல வெளுத்த முகம் என்று பட்டியல் போடுகிறார்.

அதாவது, வெர்சாயின் மேசைக்கு முலாம் பூசுவதற்கு 200 வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கை அச்சில் வந்துவிட்டது. இந்தத் தொழிலில் இருந்த எல்லோருமே சீக்கிரம் செத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. குத்தியேரே 80 வயதைத் தாண்டி வாழ்ந்தார். ஆனால், பட்டறையில் தினமும் அடுப்படியில் நின்ற கூலியாட்களின் வயதை யாரும் கல்வெட்டில் பொறித்து வைக்கவில்லை.

ஓர் உயில், ஒரு புகைபோக்கி

மாற்றம் வந்தது அரசாங்கத்திடமிருந்து இல்லை. அந்தத் தொழிலில் இருந்த ஒரு முதலாளியின் உயிலிலிருந்து வந்தது.

ஆந்த்ரே அந்துவான் ராவ்ரியோ, நெப்போலியனின் அரண்மனைகளுக்குத் தங்கமுலாம் வெண்கலப் பொருட்கள் செய்து கொடுத்தவர். பட்டறை வைத்து நடத்தியவருக்கு அங்கே நடப்பது தெரியாமல் இருக்காது. 1814-ல் அவர் இறந்தபோது உயிலில் 3,000 பிராங்கை ஒதுக்கியிருந்தார். முலாம் பூசும் தொழிலாளர்களைப் பாதரசத்திலிருந்து காப்பாற்ற வழி கண்டுபிடிப்பவருக்கு அது பரிசு.

பரிசை வென்றவர் ஜான் பியேர் ஜோசப் தார்சே என்ற வேதியியல் அறிஞர். 1818-ல் அவரது ஆய்வு புத்தகமாக வந்தது. அவர் பாதரசத்துக்கு மாற்று எதையும் தேடவில்லை. புதிய ரசாயனம் எதையும் சேர்க்கவில்லை. பட்டறைக்குப் போய் அடுப்பைப் பார்த்தார்; புகை எங்கே போகிறது என்று பார்த்தார். புகைபோக்கி இருந்தும் அது இழுக்கவில்லை. ஆவி மேலே போகாமல் அறைக்குள்ளேயே திரும்பி வந்தது.

அவர் சொன்ன யோசனை எளிமையானது. புகைபோக்கியோடு இணைத்துத் தனியாக ஒரு சின்ன அடுப்பு வையுங்கள். அதன் சூட்டில் புகைபோக்கிக்குள் இருக்கும் காற்று மேலே ஏறும். ஏறும் காற்று, கீழே உள்ள பாதரச ஆவியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். முலாம் அடுப்பின் முன்பக்கத்தை முடிந்தவரை மூடி, கண்ணாடி வையுங்கள். தொழிலாளி கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, கையை மட்டும் உள்ளே நீட்டி வேலை செய்யட்டும்.

பள்ளி, கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கூண்டு இருக்குமே, நெடி வரும் அமிலங்களை அதற்குள் வைத்துத்தான் கையாளச் சொல்வார்களே, அதே தத்துவம். அந்தக் கூண்டுக்கு முன்னோடிகளில் ஒன்று, பாரிஸில் முலாம் பூசும் தொழிலாளிகளுக்காக யோசித்த இந்த அடுப்பு.

மான்செங் விளக்கை இங்கே நினைத்துப் பார்க்கலாம். புகையைக் குழாய் வழியே ஒதுக்கலாம் என்பது அந்த விளக்கைச் செய்தவருக்கே தெரிந்திருந்தது. வாங்குபவரின் அறைக்காக வந்த யோசனை, செய்பவரின் பட்டறைக்கு வரத்தான் இத்தனை காலம்.

தார்சேயின் அடுப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. அறைக்குள் சுற்றிய விஷம் ஊர்க்காற்றில் கலந்தது. அடுப்பை மாற்றச் செலவு ஆகும் என்பதும் உண்மை. என்றாலும், 'இந்த வேலை என்றால் அப்படித்தான் இருக்கும்' என்று 250 வருடம் சொல்லி வந்ததை, 'இல்லை, மாற்றலாம்' என்று ஒருவர் செய்து காட்டினார்.

மின்சாரம் செய்த உதவி

பாதரசத்தைத் தொழிலை விட்டே பெருமளவு விரட்டியது மின்சாரம். 1805-ல் இத்தாலியின் லூயிஜி புருஞ்ஞத்தெல்லி, மின்கலத்தைக் கொண்டு தங்கமுலாம் பூசிக் காட்டினார். 1840-ல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் குடும்பம் மின்முலாம் முறைக்குக் காப்புரிமை வாங்கியது. பிரான்ஸில் சார்ல் கிறிஸ்தோஃபிள் 1842-ல் உரிமையை வாங்கித் தொழிற்சாலை அளவில் செய்தார். தங்க உப்பு கரைத்த திரவத்தில் பொருளைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் போதும். அடுப்பும் இல்லை, பாதரச ஆவியும் இல்லை. தங்கமும் குறைவாகவே செலவாகும்.

புதிய முறையிலும் சயனைடு போன்ற ஆபத்தான பொருட்கள் உண்டு. அதற்குத் தனி எச்சரிக்கை வேண்டும். ஆனால், தினமும் மூச்சோடு விஷத்தை இழுக்கும் கட்டாயம் போனது.

பழைய முறை முழுதாக மறைந்துவிடவும் இல்லை. நேபாளத்தின் பாட்டன் நகரில் நேவார் கலைஞர்கள் செய்யும் புத்தர், தாரா சிலைகளுக்கு இன்றும் பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசிச் சூடாக்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்வியும் அதேதான்: புகை எங்கே போகிறது?

இந்தக் கேள்வி இன்று இன்னும் பெரிய இடத்தில் நிற்கிறது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆசியாவின் சிறு தங்கச் சுரங்கங்களில் மண்ணிலிருந்து தங்கத்துகளைப் பிரிக்கப் பாதரசம் சேர்க்கிறார்கள். தங்கத்தோடு ஒட்டிய பாதரசத்தைத் தீயில் காட்டி விரட்டுகிறார்கள். வெர்சாய் காலத்து அடுப்பில் நடந்த அதே வேதியியல்தான். மனிதர்களின் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தச் சிறு சுரங்கங்களிலிருந்து வருவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013-ல் உருவாகி, 2017-ல் அமலுக்கு வந்தது. 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது.

வீட்டில் இருந்தால் என்ன செய்வது?

தாத்தா காலத்துக் கடிகாரம், ஏலத்தில் வாங்கிய விளக்கு, பரம்பரையாக வந்த சட்டம் என்று தங்கமுலாம் வெண்கலம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். சில விஷயங்களைக் கவனியுங்கள்.

* பித்தளை தேய்க்கும் பாலிஷ், புளி, எலுமிச்சை, சாம்பல் எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரியாக இருப்பது இதற்கு ஆகாது. ஒவ்வொரு தேய்ப்பிலும் தங்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினாலே போதும்.
* வெறும் பித்தளைக்கு மேல் வார்னிஷ் அடித்தும் தங்க நிறம் கொண்டுவருவார்கள். பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்ய வேண்டாம். பாதரச முறையில் பூசியதா, மின்முலாமா என்பதை எக்ஸ்ரே முறையில் சோதித்துச் சொல்ல முடியும். பழைய முறை என்றால் பாதரசத்தின் தடயம் மிச்சமிருக்கும்.
* அப்படிப்பட்ட பொருளை அலமாரியில் வைத்துப் பார்ப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால், நெருப்பில் காட்டுவது, உருக்குவது, பற்றவைப்பது எதையும் வீட்டில் செய்ய வேண்டாம். பழுது பார்க்கும் வேலையை விஷயம் தெரிந்தவரிடம் விடுங்கள்.

வெர்சாய்க்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால், அந்த மேசையோடு இன்னொன்றையும் பாருங்கள். பாஸ்மான் வடிவமைத்து, 1750-ல் 15-ஆம் லூயியிடம் காட்டப்பட்ட வானியல் கடிகாரம். 9999-ஆம் வருடம் வரை தேதி காட்டும்படி செய்தது. அதன் தங்க நிறக் கூட்டைச் செய்தவர்கள் காஃபியெரி குடும்பத்துத் தந்தையும் மகனும். லண்டனின் வாலஸ் கலெக்‌ஷன், லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகம் ஆகியவற்றிலும் இந்தக் கலையின் நல்ல மாதிரிகள் இருக்கின்றன. பக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்றால், ஹைதராபாத் சாலர் ஜங் அருங்காட்சியகத்தில் ஐரோப்பிய மரச்சாமான்களுக்கும் கடிகாரங்களுக்கும் தனிக் கூடங்கள் உண்டு.

போகிறவர்கள் பொருளின் பக்கத்தில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படியுங்கள். யாருக்காகச் செய்தது என்று இருக்கும். மரவேலை யார் என்று இருக்கும். பல இடங்களில் வெண்கலம் யார் என்ற இடம் காலியாக இருக்கும். முலாம் பூசியவர் பெயருக்கு இடமே விட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பலகையில் இல்லாதவர்கள் பூசிய தங்கம்தான் 250 வருடம் கழித்தும் மங்காமல் நிற்கிறது.

அடுத்த வாரம் இன்னொரு பொருள், இன்னொரு கதை!